வடபுறச் சுவருக்கு அப்பால்

வக்கீல் குமாஸ்தாக்கள் கூட்டத்தில் என்னை மேடையில் ஏறி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அது ஆகாத காரியம். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். கை நடுக்கம் வந்து வேலையை விட்ட ஒருவனிடம் எழுதி வாங்குவதும் வேடிக்கைதான். கோணல் எழுத்தை அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தேன். இப்போது அச்சடித்த கிரயப் பத்திரம் வந்துவிட்டது. பெயர், தொகை, எல்லை, இவற்றை மட்டும் நிரப்பினால் போதும். போன மாதம் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் ஒரு இளம் குமாஸ்தா என்னைக் கேட்டார்: "ஏனுங்க, வாங்கறவன் கண்ணு ரெண்டையும் தொறந்து பாத்துட்டுத்தானே ஊடு வாங்கறான்? அக்கம்பக்கம் எப்படீன்னு அவனுக்கு விக்கறவன் சொல்லோணுமுங்களா? நாம எதுக்குங்க அதையெல்லாம் நோண்டிக்கிட்டு?" அங்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எட்டாவதுக்கு மேல் படிக்க வசதியில்லை. கையெழுத்து மட்டும் வரிசையாக வரும். அதை வைத்து வக்கீல் ஐயாவிடம் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் நகல் எடுப்பதிலும், ஸ்டாம்புக் காகிதம் வாங்கி வருவதிலும், வழக்குக் கட்டுகளைக் கோர்ட்டுக்குச் சுமந்து போவதிலும் கழிந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

வக்கீல் ஐயாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்துச் சேற்றுக்காலோடு வருபவரையும் "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டால், நாற்காலியை அப்படியே திருப்பிச் சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். வெளியே ஒரு வேப்பமரமும் வாடகை வண்டி மாடுகளும்தான் இருக்கும். கட்சிக்காரர் பதில் சொல்லும்வரை அந்த மாடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். "மூஞ்சியப் பாத்துக்கிட்டு நெசம் சொல்றது செரமம் பழனிமுத்து" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கூச்ச சுபாவம் உள்ள எனக்கு அது உடனே புரிந்தது.

நான் சேர்ந்த கொஞ்ச காலத்தில் ஒரு வழக்கு வந்தது. ஒருவர் கோடையில் ஒரு வீடு வாங்கினார். நல்ல வீடு, புது ஓடு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி மறுகால் போனபோது, அந்தத் தண்ணீர் போகும் வழி அந்த வீட்டின் கொல்லைப்புறம்தான் என்று தெரிந்தது. பின்சுவர் சரிந்து கறவை எருமை செத்தது. விற்றவர் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கேட்டதற்கு, "அவங்க கேக்குல, நான் சொல்லுல" என்றார். வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் சமாதானத்தில் முடிந்தது. ஆனால் வக்கீல் ஐயாவுக்கு மனம் ஆறவில்லை.

அப்போதுதான் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருப்பதை எனக்குப் புரியும்படி தமிழில் சொன்னார். விற்கிறவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை சொத்தில் இருந்தால், அதை விற்கிறவன் கேட்காமலே சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி. கண்ணுக்குத் தெரிகிற விரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாததைத்தான் சொல்ல வேண்டும்.

அதிலிருந்து எங்கள் ஆபீசில் வீட்டுக் கிரயம் என்றால் ஒரு முறை ஏற்பட்டது. பழைய பத்திரத்தைப் பார்த்து நான்கு எல்லையை எழுதிக்கொள்வது மற்றவர்கள் வழக்கம். நான் நேரில் போய் நான்கு எல்லையையும் சுற்றி வர வேண்டும். எல்லைக்கு அப்பால் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதால் மட்டும் பயனில்லை. விற்கிற வீட்டுக்குக் குறை சொல்வது கூடிவரும் கல்யாணத்தைக் கலைப்பதைப் போல என்று எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள். சண்டைக்காரன்கூட, "அந்த ஊட்டுக்கு என்னங்க, ராசியான ஊடு" என்றுதான் சொல்வான். ஆகவே கடைசியில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்து உட்காரவைத்து, வக்கீல் ஐயா விற்கிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்பார். மழைக்கு என்ன ஆகும்? தீக்கு என்ன ஆகும்? திருடனுக்கு என்ன வழி?

எருமப்பட்டிக்காரர் ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்டு மிரண்டுபோய், ஊர்க் கதை முழுவதையும் கொட்டிவிட்டார். கொல்லை வேலி தாழ்வு, கிணற்றடியில் பாம்பு வரும், எதிர் வீட்டு நாய் கடிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கெழக்கால ஊட்டுக்காரன் கள்ளுக் குடிச்சுட்டு வந்தா விடிய விடியப் பாடுவானுங்க. அதையுஞ் சொல்லோணுமுங்களா?" என்றார்.

"பாட்டு எப்படி இருக்கும்?" என்று வக்கீல் ஐயா சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"கண்றாவியா இருக்குமுங்க."

"அப்பச் சொல்லீருங்க."

வாங்க வந்தவர் சிரித்து, அதே பேச்சில் வீட்டை முடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னவனிடம் வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்பதை அன்று பார்த்தேன்.

இனி ராசிபுரத்து வீட்டுக்கு வருகிறேன். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்பு நடந்தது.

நல்லம்மாள் என்ற கவுண்டர் வீட்டு அம்மாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளை எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததால் ராசிபுரத்து வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய் இருந்துவிட நினைத்தார். வாங்க வந்தவர்கள் அயோத்தியாப்பட்டணத்து நெசவாளி கந்தசாமியும் அவர் மனைவி அலமேலுவும். ராசிபுரத்தில் பட்டுக்கு நல்ல கிராக்கி இருந்த சமயம். வீட்டு முன்னால் நீளமான தெரு, தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்ட வசதி. அலமேலுவுக்கு வீட்டின் மேல் ஆசை விழுந்துவிட்டது.

நான் எல்லை பார்க்கப் போன அன்று அவர்களும் வந்திருந்தார்கள். வடக்கு எல்லை நல்லம்மாளின் கொழுந்தன் பொன்னுசாமியின் இடம். இரண்டுக்கும் நடுவே ஒரே பொதுச் சுவர். சுவரை ஒட்டி அந்தப் பக்கம் பூட்டிய கொட்டகை ஒன்று இருந்தது. பொன்னுசாமி கிணறு வெட்டும் காண்டிராக்டர். எங்கள் பக்கத்துப் பூமி முழுக்கப் பாறை. கிணறு என்றால் வெடிவைத்துத்தான் இறங்க வேண்டும். அதனால் அவருக்குக் கை ஓய்வே இருக்காது. வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம், நல்ல வாய்.

"குமாஸ்தா அளக்கறதப் பாத்தா ஊட்டையே சுருட்டிக் கட்டீட்டுப் போயிருவாராட்ட இருக்குது" என்று கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேலி செய்தார். கொட்டகையில் என்ன என்று நான் கேட்டேன். "கடப்பாரை, சம்மட்டி, கவுறு. வேற என்ன இருக்குமுங்க?" என்றார்.

வீட்டுக்குள் வடபுறச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரி ஏறியிருந்தது. பழைய சமையல் இடம். ஆனால் இப்போது அடுப்பு தென்புற மூலையில் இருந்தது. தெற்கே சன்னல் கிடையாது, புகை வீடு முழுதும் சுற்றியது.

அலமேலு அந்தக் கரிச் சுவரைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்து போனாள். "ஏங்க, சாய அடுப்ப இங்கயே போட்டுடலாம். பொகை போக மேல வழி இருக்குது பாருங்க. பெரிய கொப்பரையே வெக்கலாம்." பட்டு நூலைக் காய்ச்சவும் சாயம் ஏற்றவும் விறகடுப்பு நாள் முழுக்க எரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நல்லம்மாளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அங்க வேண்டாஞ் சாமி. தெக்கால போட்டுக்க" என்றார்.

"தெக்கால பொகை அடையுதே அம்மா. கண்ணு எரியுது."

"ரெண்டு நாள்ல பழகிப்போயிரும்."

"பழகுறது எதுக்கு, இங்க எடம் இருக்கறப்ப?"

நல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாமக்கல்லுக்குத் திரும்பி, பார்த்ததையெல்லாம் வக்கீல் ஐயாவிடம் சொன்னேன். அடுப்பு இடம் மாறியிருப்பதையும் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை எல்லோரையும் வரச் சொல்லி அனுப்பினார்.

நல்லம்மாளுக்குத் துணையாகப் பொன்னுசாமியும் வந்தார். வக்கீல் ஐயா மழையைக் கேட்டார். "ஒழுகாதுங்க" என்றார் நல்லம்மாள். "தீக்கு என்ன ஆகுமுங்க அம்மா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

நல்லம்மாள் தரையைப் பார்த்தார். பொன்னுசாமி சிரித்தார். "என்னுங் வக்கீலய்யா, ஓட்டு ஊட்டுக்குத் தீ எங்கிருந்து வரும்? எழுதுங்க, நேரமாகுது."

வக்கீல் ஐயா அசையவில்லை. சன்னலைப் பார்த்தபடியே சட்டம் சொல்வதை நிதானமாகச் சொன்னார். பிறகு, "அந்தச் சுவத்துல இவங்க சாய அடுப்புப் போடப்போறாங்க. சின்னக் கொழந்தைக மூணு இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாச்சும் இவங்களுக்குத் தெரியோணுமா, வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

வெளியே மாட்டின் கழுத்துமணிச் சத்தம் மட்டும் கேட்டது. நல்லம்மாள் வக்கீலிடம் பேசவில்லை. அலமேலுவின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கொட்டாயில வெடிமருந்து இருக்குது சாமி. செவுத்தோரமா. அதுக்குத்தான் நான் அடுப்பத் தெக்கால மாத்துனேன்."

"நங்கையா!" என்று பொன்னுசாமி எழுந்துவிட்டார். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள். "ஊரு முன்னால என்னைய நிறுத்தறீங்களா? என்ற அண்ணன் போனதுக்கப்பறம் ஊட்டுக்கு அரிசி யாரு கொண்டாந்து போட்டது?"

"நீதான் போட்ட. நான் இல்லைங்கலியே. அதுக்குத்தான் இத்தன நாளு வாயத் தொறக்காம இருந்தேன். எடுத்துப்போடு, எடுத்துப்போடுன்னு எத்தன தடவ கேட்டேன்? நாளைக்கு, நாளைக்குன்னீல்ல? நான் தெக்கால பொகையில கெடந்தேன். என்ற உசுரு, போனாப் போகுதுன்னு இருந்தேன். இவ கொழந்தைக உசுரையும் போனாப் போகுதுன்னு எப்படிடா சொல்லுவேன்?"

கந்தசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வேற வீடு பாத்துக்குறோமுங்க."

அப்போது எனக்குத் தோன்றியது, உண்மையைச் சொன்னதற்கு நல்லம்மாளுக்குக் கிடைத்த பலன் வீடு விற்காமல் போவதுதானா என்று. எருமப்பட்டியில் மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுசாமிக்கு மருந்து வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. ஆனால் அது ஊருக்கு வெளியே தோட்டத்தில் உள்ள கல் கொட்டகைக்குத்தான். அங்கே களவு போகும், ஈரத்தில் கெடும் என்ற பயத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "லைசென்சு போயிருமுங்க" என்று மட்டும் முணுமுணுத்தார்.

"லைசென்சு சமாச்சாரம் எங்கிட்ட வருல. ஊட்டுச் சமாச்சாரந்தான் வந்திருக்குது" என்றார் வக்கீல் ஐயா. "மருந்து போக வேண்டிய எடத்துக்குப் போனாப் போதும். இவங்க வாங்கறதும் வாங்காததும் அப்பறம் அவங்க இஷ்டம்."

பொன்னுசாமி ஒப்புக்கொண்டார். மருந்து போனால் யோசிக்கிறோம் என்று கந்தசாமியும் மறுபடி உட்கார்ந்தார். அடுத்த வாரம் வக்கீல் ஐயா கொட்டகையைப் பார்த்து வர என்னை அனுப்பினார். கொட்டகை காலியாக இருந்தது. தரை சாணி போட்டு மெழுகியிருந்தது. போய்ச் சொன்னேன்.

கந்தசாமிக்கு அது போதுமானதாக இருந்தது. அலமேலுவுக்குப் போதவில்லை. "குமாஸ்தா பாத்தாரு, சரி. ஆனா பத்திரம் அப்புறம் எழுதலாம். மொதல்ல அந்த வடக்குச் சுவத்துல பால் காயட்டும். நல்லம்மா கையாலயே அடுப்புப் பத்த வெக்கட்டும். அவங்க கொழுந்தனாரும் பக்கத்துல நிக்கட்டும்" என்றாள்.

கிரயம் ஆகாத வீட்டில் பால் காய்ச்சுவதா என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் தயங்கித் தயங்கி இதை வக்கீல் ஐயாவிடம் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சட்டத்துல பாலுக்குத் தடை எதுவும் இல்ல. ஸ்டாம்புக் காகிதத்தையும் எடுத்துக்குங்க, நானும் வாரேன்" என்றார். கட்சிக்காரர் வீட்டுக்கு அவர் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காலை பஸ்ஸில் ராசிபுரம் போய் இறங்கினோம். வடபுறச் சுவரை ஒட்டி மூன்று செங்கல் வைத்து, புதுப் பானையில் பால் ஊற்றி வைத்திருந்தார்கள். அலமேலு தன் குழந்தைகளை எதிர்த் திண்டில் உட்காரவைத்திருந்தாள். நல்லம்மாள் குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தார். தென்னம்பாளையைச் சொருகி, தீக்குச்சியை உரசினார். காற்றில் அணைந்தது.

"ஈரப் பொட்டியாட்ட இருக்குது" என்று பொன்னுசாமி வாசற்படியில் நின்று சொன்னார். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

நல்லம்மாள் இரண்டாவது குச்சியை எடுத்துக் கையால் மறைத்து உரசினார். பற்றிக்கொண்டது. பாளைப் பக்கம் கொண்டு போனார்.

"நங்கையா, வேண்டா!"

பொன்னுசாமி ஒரே தாவலில் வந்து அவர் கையைப் பிடித்துக் குச்சியை ஊதி அணைத்தார். பானை உருண்டு பால் கொட்டியது. குழந்தைகள் அழுதன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மொடா மருந்து இருக்குதுங்க. செவுத்தோரம் குழி தோண்டிப் பொதச்சு மெழுகி வச்சிருக்கறேன். கல்லுக் கொட்டாயி ஈரம். வெச்சா மருந்து கெட்டுப்போயிருமுன்னு... பாதிக் கெணறு கெடக்குதுங்க. முடிஞ்சதும் எடுத்தரலாமுன்னு இருந்தேன். ஒரு பானைப் பாலு காயறதுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். ஆனா நங்கையா அங்க உக்காந்ததப் பாத்ததுக்கப்பறம்..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. வக்கீல் ஐயா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னுசாமி எழுந்து போனார். ஈரச் சாக்கைப் போர்த்தி அந்த மொடாப் பானையை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். தெருவுக்கு அப்பால் எருக்குழி ஓரத்தில் வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மருந்து கறுப்புக் கூழாகக் கரைந்து குழிக்குள் போனது.

அலமேலு அதோடு விடவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய் மூலைக்கு மூலை குத்திப் பார்த்தாள்.

"மெழுகுன தரைங்க" என்றார் பொன்னுசாமி பாவமாக.

"குத்தட்டும். நல்லாக் குத்து சாமி" என்றார் நல்லம்மாள்.

வேறு எதுவும் இல்லை. மறுபடி பால் வாங்கி வந்து பானையை வைத்தார்கள். நல்லம்மாள் தீப்பெட்டியைக் கொழுந்தனிடம் நீட்டினார். "நீயே பத்த வை."

அவர் பற்ற வைத்தார். தீ கரிச் சுவரின் மேல் ஏறிப் புகை மேல்வழியாகப் போனது. பால் பொங்கியது. முதல் டம்ளரை அலமேலு பொன்னுசாமியிடம்தான் கொடுத்தாள். அவர் வாங்கி, நல்லம்மாளிடம் கொடுத்துவிட்டு, இரண்டாவதைக் குடித்தார்.

அந்த இளம் குமாஸ்தாவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விற்கிறவர் சொல்ல வேண்டியதைச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. அவரைச் சொல்லவைக்க ஒரு மனிதர் சன்னலைப் பார்த்துத் திரும்பிக் காத்திருக்க வேண்டும். நெருக்கடியிலும் வாய் திறக்க நல்லம்மாளைப் போல் ஒருவர் வேண்டும். சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் பாலைக் காய்ச்சச் சொல்ல ஒரு அலமேலு வேண்டும். ஏன், கடைசி நொடியில் ஓடிவந்து குச்சியை ஊதி அணைத்த பொன்னுசாமிக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். இத்தனை பேரோடு வேலை செய்யும் பாக்கியம் எட்டாவது படித்தவனுக்குக் கிடைத்தது. பெரிய விஷயம்.

பால் குடித்து முடித்ததும் வக்கீல் ஐயா, "எழுதுங்க பழனிமுத்து" என்றார். மேசை இல்லை. பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, கனல் இன்னும் தணியாத அடுப்புக்குப் பக்கத்தில், அந்த வடபுறச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அந்த வீட்டுப் பத்திரத்தை எழுதினேன்.